நேரில் போய் அழைத்த கட்டுரை

பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அவசரமாக வந்து, "இந்த விஷயத்தைப் பற்றி வந்தது எல்லாம் வேண்டும்" என்பார்கள். உண்மையிலேயே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தால் அப்புறம் நூலகத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அந்த 'எல்லாம்' என்பதை முறைப்படி தேடுவது எப்படி என்று காரைக்குடிக்குப் பக்கத்தில் நான்கு நாள் பயிற்சி நடக்கிறது, போய் வா என்று எங்கள் இயக்குநர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தேடித் தேடியே கண்ணாடி போட்டவள் நான். எனக்கா பயிற்சி? பிறகு செட்டிநாட்டுச் சாப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. கோபத்தை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தங்கியது காரைக்குடியில். பயிற்சி அமராவதிபுதூரில், ஒரு நர்சிங் கல்லூரியில். முதல் நாள் காலை டவுன் பஸ்ஸில் ஏறி, இறங்கும் இடம் வந்தால் சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வெளியூரா இருக்கீகளே, எந்தூரு?"

"மலேசியா. பினாங்கு."

"அட! எங்க மச்சான் அங்கனதான் ஓட்டல்ல இருக்காப்ல. முருகேசன்னு. நெட்டையா இருப்பாப்ல. பாத்திருப்பீக."

பார்த்ததில்லை என்றேன். அவர் நம்பவில்லை. போனை எடுத்து முருகேசனின் படத்தைத் தேடிக் காட்டினார். பின் சீட்டிலிருந்த பெரியவர் தன் சம்பந்தி ஈப்போவில் இருப்பதாகச் சொல்லி, அவருக்கு முழங்கால் வலி தேவலையா என்று என்னிடம் விசாரித்தார். முழங்காலைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அமராவதிபுதூர் வந்துவிட்டுப் போயும் விட்டது.

"ஆத்தாடி, எறக்கி விடாம வந்துட்டமே!" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, என்னை அந்தக் கண்டக்டரிடம் ஒப்படைத்தார். "மாப்ள, அம்மா மலேசியாவுலேருந்து வந்திருக்காக. காலேஜு வாசல்ல பாத்து எறக்கிவிட்டுரு. டிக்கெட் கேட்டுறாத." எங்கள் ஊர் பஸ்ஸில் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிடலாம். எது வசதி என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை.

வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண், "பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று மனம் குளிர்ந்தது. சென்னையில் இறங்கியதிலிருந்து 'டிஃபன்' சாப்பிட்டேனா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று நாங்கள்தான் சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் செல்வி. நாச்சியாபுரத்து விவசாயக் குடும்பம். அந்தக் கல்லூரியிலேயே விரிவுரையாளர். பயிற்சிக்கு அவளும் ஒரு மாணவி. பசியாறவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கையில் ஒரு தட்டு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்துவிட்டன. வகுப்புக்கு நான் தாமதமாகப் போனதற்குப் பஸ் பாதி, பணியாரம் பாதி காரணம்.

பயிற்சி கொடுத்தவர் மீரா, பெங்களூர்க்காரர். ஒல்லியாக, மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு மருத்துவக் கேள்விக்கு உலகத்தில் யார் யார் என்னென்ன ஆய்வு செய்திருக்கிறார்களோ அத்தனையையும் விடாமல் தேடு. எப்படித் தேடினாய் என்பதை, இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கிற மாதிரி எழுதி வை. கிடைத்ததைச் சலி. எடுத்ததற்கும் விலக்கியதற்கும் காரணம் சொல். உனக்குப் பிடித்த ஆய்வு என்பதால் உள்ளே விடாதே. பிடிக்காத ஆள் எழுதியது என்பதால் வெளியே தள்ளாதே.

ஓர் இளம் டாக்டர் கை தூக்கி, இதெல்லாம் ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் கொடுத்துவிடாதா என்றார். கேட்டுப் பாருங்களேன் என்று மீரா சிரித்தார். அதுவும் கொடுத்தது. அருமையான தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் இருந்தன. கட்டுரைதான் உலகத்தில் இல்லை. அது உண்மையாக இருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தில் அந்த டாக்டர் மாலைவரை தேடிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டில் வெண்டைக்காய் மண்டி போட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைப்பது என்றார்கள். பினாங்கில் அந்தத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். பரிமாறியவர் வந்து, "ரசமா, மோரா?" என்று கேட்டார். காலை முழுவதும் 'அல்லது' என்று போட்டால் கணினி இரண்டையுமே கொண்டுவரும் என்று படித்துக்கொண்டிருந்த மயக்கத்தில், "ரசம் அல்லது மோர்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டையும் ஊற்றினார்.

அன்று சாயங்காலம் செல்வி தன் கதையைச் சொன்னாள். பாதயாத்திரையில் வெறுங்காலோடு நடக்கிற சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் புண் வராமல் இருக்க எப்படிச் சொல்லிக் கொடுத்தால் பலன் இருக்கும் என்பது அவளுடைய பிஎச்.டி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கால்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வின் முதல் பகுதியான தேடலை, சரியில்லை என்று பல்கலைக்கழகம் ஒரு தடவை திருப்பி அனுப்பிவிட்டதாம். திருத்திய தேடலில் அவளுடைய கைடு பேராசிரியர் மாணிக்கவாசகம் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மகனைப் பார்க்க அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். திரும்பி வர ஆறு மாதம் ஆகும்.

"அதுக்குள்ள என் பதிவே காலாவதியாயிரும்க்கா. வெள்ளிக்கிழமை நிறைவு விழாவுக்கு அவுகதான் சிறப்பு விருந்தினர். அன்னைக்கு வாங்குனாத்தான் உண்டு. இல்லைன்னா இத்தனை வருசம் பட்ட பாடு ஆத்துல கரைச்ச புளிதான்."

இரண்டாம் நாள் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் தேடலை மற்றவர் சோதிக்கச் சொன்னார்கள். செல்விக்கு நான், எனக்குச் செல்வி. என் தேடலில் அவள் இரண்டு தப்புக் கண்டுபிடித்தாள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவளுடையதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு பரீட்சை பாக்கி. நமக்கு முன்பே தெரிந்த சில கட்டுரைகள் நம் தேடலில் தானாக வந்து விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாம் விழுந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பேராசிரியர் மாணிக்கவாசகம் எழுதியது.

"என் கட்டுரை இல்லாம இந்த விசயத்துல என்ன தேடல்னு போன தடவையே கேட்டாக," என்றாள் செல்வி. முகம் வெளுத்துவிட்டது.

ஏன் வரவில்லை என்று தோண்டிப் பார்த்தேன். தேடல் தலைப்பையும் சுருக்கத்தையும்தான் பார்க்கும். இந்தக் கட்டுரைக்குச் சுருக்கம் கிடையாது. தலைப்பில் சர்க்கரை இல்லை, புண் இல்லை, யாத்திரையும் இல்லை. தமிழில் சொன்னால் 'அடிமேல் அடிவைத்து' என்று ஆகும் ஓர் ஆங்கிலத் தலைப்பு. கவிதை எழுத ஆசைப்பட்டிருக்கிறார். அந்த 'அடி'யை, அதாவது 'ஸ்டெப்' என்பதையும் தேடுசொல்லாகச் சேர்த்தால் என்ன என்று செல்வி கேட்டாள். சேர்த்தோம். பேராசிரியர் வந்தார், கூடவே உலகத்தில் உள்ள மாடிப்படிகள், பாலே நடனக்காரர்கள், நடக்கும் ரோபோக்கள் என்று பல்லாயிரம் பேர் வந்தார்கள். ஒருவரும் வெறுங்காலில் கோயிலுக்குப் போகிறவராகத் தெரியவில்லை.

"அவுக பேரப் போட்டுத் தேடிருவமாக்கா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். குரல் கொஞ்சம் காரமாகத்தான் வந்தது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி எழுதுவதை நான் என் டாக்டர்களுக்கே அனுமதிப்பதில்லை. ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. இன்னொரு வழி உண்டு. அந்தக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருந்தால், அவர்கள் மூலமாக அதைப் போய்ப் பிடிக்கலாம். பார்த்தோம். இரண்டு பேர் காட்டியிருந்தார்கள், எங்கள் தேடலில் விழாத வேறு கட்டுரைகளில். இரண்டு பேருமே பேராசிரியர் மாணிக்கவாசகம்.

"அக்கா, இத அவுககிட்ட யாரு சொல்றது?" என்று செல்வி மெதுவாகக் கேட்டாள். சொல்ல நான் தயாராக இல்லை.

மூன்றாம் நாள் காலை கந்தரப்பத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது செல்விக்கு அவள் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்களாம். பெரிய மாமா கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறாராம். செல்வி போனில் பொரிந்து தள்ளினாள்.

"மத்தவுகளுக்குக் கார்டு போதும்ங்க. பெரிய மாமா கார்டுக்கு வார ஆளா? தட்டுல வெத்தலைபாக்கு பழம் வச்சு, நேர்ல போயி, 'நீங்க வந்து நடத்திக் குடுக்கணும்'னு அழைக்கணும். அப்படி அழைச்சாத்தான வருவாக! அவுகள அழைக்கிற முறையே அதுதான..."

பேச்சு அப்படியே நின்றது. போனைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "அக்கா, நாம அந்தக் கட்டுரைக்குக் கார்டு அனுப்பிக்கிட்டு இருக்கோம்!"

நான் அப்பத்தை விழுங்கினேன். அவள் சொன்னது சரிதான். துறை நிபுணர்களை நேரடியாகக் கேட்பதும் முறையான தேடலில் ஒரு படி. மீராவிடம் ஓடினோம். தாராளமாகக் கேட்கலாம், ஆனால் ஒருவரை மட்டும் கேட்கக் கூடாது என்றார். தெரிந்த நிபுணர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். சொன்ன பதிலை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்த கட்டுரைக்கு மற்றவற்றுக்கு உள்ள அதே சட்டம்தான், தனிச் சலுகை கிடையாது. நிபுணர்களுக்கெல்லாம் உடனே மின்னஞ்சல் பறந்தது. பேராசிரியருக்கு மட்டும் மின்னஞ்சல் போதாது, நேரில்தான் என்பதில் செல்வி உறுதியாக இருந்தாள்.

அவர் வீடு குன்றக்குடியில். சாயங்காலம் செல்வியின் ஸ்கூட்டரில் போனோம். பின்னால் நான், என் மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலைபாக்கு, வாழைப்பழம், ஆப்பிள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. ஒரு கையால் தட்டையும் இன்னொரு கையால் செல்வியின் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, எந்தக் கையாலும் பிடிக்க முடியாத என் உயிரை முருகனிடம் ஒப்படைத்தேன். பெட்ரோல் பங்கில் இறங்கி நின்றபோது யாரோ தட்டை இழுத்தார்கள். திரும்பினால் ஓர் ஆடு. வெற்றிலை முழுவதும் போய்விட்டிருந்தது. பழத்தில் பாதியைக் காப்பாற்றினேன். பினாங்கில் கைப்பையைப் பறிக்க மோட்டார் சைக்கிளில் வருவார்கள். இவ்வளவு நிதானமாக யாரும் பறித்ததில்லை.

பேராசிரியர் உயரமான, குரல் தணிந்த மனிதர். கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து, பருப்புப்பொடிப் பொட்டலங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். ஆடு மிச்சம் வைத்த தட்டைச் செல்வி நீட்டினாள். பிறகு நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி கேள்வியைச் சொன்னாள்.

"ஐயா, பாதயாத்திரை போற சர்க்கரை நோயாளிகளோட பாதப் பராமரிப்பப் பத்தி, அச்சுல வந்ததோ வராததோ, உங்களுக்குத் தெரிஞ்ச ஆய்வு எதுவும் இருக்குங்களா?"

"தெரிஞ்ச ஆய்வா? நான் எழுதினதே இருக்கேம்மா!"

"நீங்க வாயால சொல்லணும்ங்க ஐயா. நான் எழுதிக்கணும்."

அவர் தன் கட்டுரையின் தலைப்பை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இதழின் பெயர் சொன்னார். தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் நெடுநாளாகப் பார்க்கவில்லை.

"வேற எதுவும் இருக்குங்களா ஐயா?"

பேராசிரியர் இன்னொரு பொடிப் பொட்டலத்தை எடுத்து எடை போட ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பியோடு வந்து, "அதச் சொல்ல மாட்டீகளா?" என்றார்.

"இருக்கு," என்றார் அவர். "மதுரையில ஒரு காலேஜு லைப்ரரியில ஒரு தீசிஸ் கெடக்கு. அச்சுல வரல. எழுதுனவன் என்கூட வேலை பாத்தவன். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அவன் பேரச் சொன்னாலே எனக்கு வயிறு எரியும். ஆனா ஆய்வு நல்ல ஆய்வு. எழுதிக்க."

ஸ்கூட்டரில் திரும்பி வந்தோம். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அது சங்கடமாகவும் இருந்தது, ஏனென்றால் அவர் கட்டுரையை இனிமேல்தான் நாங்கள் சலிக்க வேண்டும்.

மதுரைக் கல்லூரி நூலகரை எனக்குத் தெரியாது. வந்த கையோடு போனில் கூப்பிட்டு நானும் நூலகர்தான் என்றேன். அது போதுமானதாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஆய்வேடு முழுவதும் ஸ்கேன் ஆகி வந்துவிட்டது. கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாக முழுசாகப் படித்து, ஒருவரை ஒருவர் கேட்காமல் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. செல்வி ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் உட்கார்ந்து படித்தோம். முடிவு எழுதிய தாள்களைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான். பேச்சுவார்த்தை இல்லாதவரின் ஆய்வேடு உள்ளே. பேராசிரியரின் கட்டுரை வெளியே.

"வீடு தேடிப் போயி அழைச்சு, எலையில உக்கார வச்சு, எந்திரிங்கன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா," என்றாள் செல்வி. கையெழுத்து வாங்க வேண்டிய தாள் அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. முடிவை மாற்றுவோமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவோம் என்ற பயம் எனக்கு இருந்தது.

அன்று மாலை நிறைவு விழாவில் பேராசிரியர் மேடையில் முன்வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். ஒவ்வொரு ஜோடியாகத் தங்கள் தேடலைத் திரையில் காட்டினார்கள். செல்வியின் முறை வந்தது. எத்தனை கிடைத்தன, எங்கிருந்து கிடைத்தன, எத்தனை விலக்கப்பட்டன என்று பெட்டி பெட்டியாகப் போட்ட படம். 'நிபுணர்களிடம் கேட்டறிந்தவை' என்ற பெட்டியைப் பார்த்ததும் பேராசிரியர் நிமிர்ந்தார். கண் அங்கிருந்து அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

"என் கட்டுரை எந்தப் பொட்டியில இருக்கும்மா?"

"வலது பக்கப் பொட்டியிலங்க ஐயா."

"அது விலக்குனது இல்ல?"

"ஆமாங்கய்யா." செல்வி நிறுத்தவில்லை. "சொல்லிக் குடுத்தவுகளையும் சொல்லிக் குடுக்காதவுகளையும் ஒப்பிட்டுப் பாத்த ஆய்வ மட்டுந்தான் எடுக்குறதுன்னு மொதல்லயே எழுதி வச்சிருக்கோம். உங்க கட்டுரையில ஒரு குழுதாங்கய்யா இருக்கு."

  பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரு முழுசாப் படிச்சுத்தான் விலக்கணும்னு சொன்னாக. இன்னொருத்தர் நீங்களா?"

"நான்தான்."

"முழுசாப் படிச்சீகளா?"

நம்பாத குரலில் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "கடைசி வரி வரை படித்தேன். மூன்றாவது அட்டவணையில் கூட்டல் தப்பு. ஆண்களையும் பெண்களையும் கூட்டினால் நீங்கள் போட்டிருக்கும் மொத்தத்தைவிட ஓர் ஆள் கூடுதலாக வருகிறார்," என்றேன்.

மேடையில் செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். மீரா தலையில் கைவைத்தார்.

பேராசிரியர் எழுந்துவிட்டார். வெளியே போகப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் மேடையை விட்டு இறங்கி நேராக என் நாற்காலிக்கு வந்தார்.

"அது தப்பு இல்லம்மா. அந்த ஆளு பாதி வழியில பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டாரு! அடிக்குறிப்பு போட மறந்துட்டேன். யாராச்சும் கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். கட்டுரை வந்து எத்தனையோ வருசமாச்சு, ஒருத்தரும் கேக்கல." என் பக்கம் குனிந்தார். "இத ஒருத்தரும் படிக்கலைன்னு எனக்குத் தெரியும்மா."

செல்வியைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நன்றியுரை சொல்ல வேண்டியவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார், பொன்னாடையோடு இரண்டு பேர் மேடையில் காத்திருந்தார்கள். பேராசிரியர் அந்த ஆளுக்கு எந்தக் காலில் கொப்புளம், எந்த ஊரில் பஸ் ஏறினார், ஏறும்போது என்ன சொன்னார் என்று எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.